நான்காவது ஓரம்

நேற்று ஊசியைக் குத்தி வைத்த இடம் இது இல்லை. திவ்யாவுக்கு அது சத்தியமாகத் தெரியும். இரண்டாவது ஓரத்தின் பாதியில், பச்சைச் சதுரம் முடிந்து ஊதாச் சதுரம் தொடங்குகிற இடத்தில் தைத்துக்கொண்டிருந்தபோது குக்கர் விசில் அடித்தது. ஊசியைத் துணியிலேயே செருகிவிட்டு எழுந்து போனாள், அதோடு சரி. இப்போது காலையில் காபித் தம்ளரோடு வந்து பார்த்தால் ஊசி மூலையைத் திரும்பி, மூன்றாவது ஓரத்தில் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தது.

பழைய சேலைகளில் கையால் போர்வை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். கோச்சடையில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த நாளாக அதைத்தான் செய்கிறாள். மேலே சதுரம் சதுரமாக ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி. மூன்றையும் சேர்த்து விரலிடைக்கு ஒரு வரி என்று நெருக்கமாகத் தைத்துவிட்டால் உள்ளே ஓர் அரிசி நுழைய இடமிருக்காது. கடைசியில் நான்கு ஓரத்துக்கும் பட்டி வைத்து ஹெம்மிங் செய்து முடிப்பாள். அந்த வேலையை மட்டும் அடுத்தவர் கையில் விடமாட்டாள். இந்தப் போர்வை விற்பதற்கு இல்லை. மகள் பவதாரிணிக்கு வருகிற வாரம் ஆறு வயது முடிகிறது, அதற்காக.

"ஏங்க, இத நீங்க தொட்டீங்களா?"

அசோக்குமார் ஒரு காலில் ஷூவோடு எட்டிப் பார்த்தான். பைபாஸ் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் அவனுக்கு வேலை. ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"நானா? எனக்குச் சட்டைப் பட்டன் தைக்கவே வராது. நீதான் தூக்கத்துல தச்சிருப்ப. வேலை தானா நடந்தா கும்பிடு போட்டுட்டு விடு தாயி."

அவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். பைக் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் போர்வையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் தையல் அரிசி நீளம் இருக்கும், வலப்பக்கம் சாயும். புதிதாக வந்திருந்த தையல் கடுகு அளவுதான். ஒவ்வொன்றும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பொறாமைப்படுகிற மாதிரி அவ்வளவு நேர்த்தி.

போர்வையைத் திருப்பினாள். அடியில் மஞ்சள் சுங்குடிச் சேலைத்துணி பளிச்சென்று சிரித்தது. அதைப் பார்த்ததும் போர்வையைச் சட்டென்று மடித்துவிட்டாள். அதற்குக் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வாடிப்பட்டிக்காரப் பையன் அருண்பாண்டி, பெங்களூரில் வேலை பார்ப்பவன், போன மாதம் செத்துப்போன தன் அம்மா அழகம்மாளின் சேலைகளை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தான். தனக்கும் தங்கைக்குமாக இரண்டு போர்வை கேட்டான். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "அக்கா, மூட்டையில ஒரு மஞ்சச் சுங்குடி தெரியாம வந்திருச்சு. எங்க மாமா போட்ட கோடி அது. அத மட்டும் தைக்காதீங்க, உங்க ஊர் ஆத்துலயே விட்டுருங்க." பிறந்த வீட்டார் எடுத்துவந்து பிணத்தின் மேல் போர்த்துகிற சேலைதான் கோடி. சுடுகாட்டோடு போயிருக்க வேண்டியது. "சரி தம்பி, விட்டுர்றேன்" என்று திவ்யாவும் சொன்னாள்.

சொன்னாள். ஆனால் சேலையைக் கையில் எடுத்தபோது மனசு கேட்கவில்லை. ஒருவரும் உடுத்தாத சேலை, கஞ்சி கலையவில்லை, மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். மே மாத வைகையில் தண்ணீர் எங்கே இருக்கிறது? சாக்கடையிலும் கருவேல முள்ளிலும் கிடந்து நாறுவதற்கா இதை விடுவது? பவாவின் போர்வைக்கு அடித்துணி தேடிக்கொண்டிருந்த நேரம் வேறு. டெட்டால் ஊற்றி இரண்டு தடவை அலசினாள். துணி துணிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று வெட்டிவிட்டாள்.

அன்று மத்தியானம் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். வெயில் ஏறி, தெருவில் காய்கறி வண்டிக்காரன் குரலும் அடங்கி, கீழ்வீட்டு டி.வி.யும் நின்றுபோய், மின்விசிறி மட்டும் மேலே கிறீச் கிறீச்சென்று காற்றைத் தள்ளிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், உள்ளறையிலிருந்து அவளுக்கு மிகவும் பழக்கமான ஒரு சத்தம் கேட்டது. இறுக்கமான துணிக்குள் ஊசி இறங்குகிற மெல்லிய 'டப்'. பின்னாலேயே நீளமான நூல் உருவி வருகிற 'சர்ர்ர்'. மறுபடி டப். மறுபடி சர்ர்ர். அவசரமே இல்லாமல், நாள் முழுக்க உட்கார்ந்து பழகிய கை தைக்கிற மாதிரி.

அரிவாள்மனையிலிருந்து எழுந்து போனாள். கட்டிலில் பவா அந்தப் போர்வையையே நெஞ்சுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. ஊசி மூன்றாவது ஓரத்தின் கடைசி மூலையில் இருந்தது, அதன் நூல் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அறையில் ஒரு வாசனை. வெயிலில் வாடிய ரோஜா மாலையும் மலிவான ஊதுபத்தியும் கலந்து அடிக்கிற, சாவு வீட்டுப் பந்தலுக்கே உரிய வாசனை.

போர்வையை வெடுக்கென்று உருவினாள். பிள்ளை சிணுங்கிப் புரண்டு படுத்தது. அந்தக் கடுகுத் தையல் அத்தனையையும் நகம் வலிக்க வலிக்கப் பிரித்துப் போட்டாள். போர்வையை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ராத்திரி அசோக்கிடம் சொல்ல வாய்வரை வந்தது. கோடித்துணியையா பிள்ளைக்குத் தைத்தாய் என்று அவன் கேட்டால் என்ன பதில் சொல்வது? விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் புதன்கிழமை, கோச்சடை முழுக்க ஷட்டவுன். ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டது. மின்விசிறியும் இல்லாத வீட்டில் ஒவ்வொரு சத்தமும் தனியாகக் கேட்டது. குழாய் சொட்டுவது, பல்லி ஓடுவது, கீழே யாரோ மாவு சலிப்பது. பதினோரு மணிவாக்கில் குளித்துவிட்டு வந்தவள் கூடத்தில் நூல்கண்டு அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாள்.

"பவா, நூல யாரு எடுத்தா?"

"நான்தாம்மா. ஊசி கோத்துக் குடுத்தேன்ல."

"யாருக்கு?"

"உனக்குத்தான். நீதான கேட்ட."

திவ்யா தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். "நான் எங்கடி கேட்டேன்? நான் குளிச்சுக்கிட்டுல்ல இருந்தேன்."

"பீரோக்குள்ள இருந்து கைய மட்டும் நீட்டினியேம்மா. கண்ணாடி வளையல் போட்டிருந்த. நெறையா."

திவ்யா கண்ணாடி வளையல் போடுவதில்லை, நூல் மாட்டும். பீரோவைப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. சாவி குளியலறை ஆணியில், கழற்றிப் போட்ட பாவாடையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

பவாவைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அருண்பாண்டிக்கு போன் போட்டாள். அனுப்பி வைத்த இரண்டு போர்வையும் நல்லபடியாக வந்து சேர்ந்தது என்றான், தங்கச்சி கட்டிப்பிடித்து அழுதாள் என்றான்.

"தம்பி, சும்மா கேக்குறேன். உங்கம்மாவுக்குத் தைக்கத் தெரியுமா?"

"என்னக்கா இப்புடிக் கேட்டுட்டீங்க? எங்க தெருவுல அம்புட்டுப் பேர் ஜாக்கெட்டும் அம்மா தச்சதுதான். இடது கைக்காரி. உக்காந்தா முடிக்காம எந்திரிக்காது. கடைசில கண்ணுதான் தெரியல, ஊசி கோக்க மட்டும் லீவுக்கு வர்ற என் மகளக் கூப்பிடும்." அவன் குரல் லேசாக இடறியது. "ஆமாக்கா, அந்தக் கோடிய ஆத்துல விட்டுட்டீங்கல்ல?"

"அன்னைக்கே விட்டாச்சு தம்பி."

"நல்லதுக்கா. பொணத்துக்குப் போட்டத உசுரோட இருக்குறவங்க மேல போட்டா, அவங்களையும் கையோட கூட்டிட்டுப் போயிரும்னு எங்கூர்ல சொல்லுவாங்க. எனக்கு அதே பயமா இருந்துச்சு."

போனை வைத்தபோது காது சூடாக இருந்தது. நேற்று பிள்ளை போர்த்தியிருந்தாளே. நெஞ்சுவரை. அடப்பாவி மகளே, என்ன காரியம் செய்து வைத்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சாயங்காலம்வரை பொறுப்பதற்கில்லை. இப்போதே ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். தெருமுனையில் ஆட்டோ வைத்திருக்கும் பேயாண்டி அண்ணனுக்கு போன் அடித்தாள்.

"சோறு தின்னுக்கிட்டு இருக்கேன், பத்து நிமிசத்துல வாரேம்மா" என்றார்.

போர்வையை எடுக்கிற நேரத்தில் பிள்ளை பக்கத்திலேயே இருக்கக்கூடாது. பவாவுக்குச் செருப்பை மாட்டிவிட்டாள். "கீழ கேட்டுக்கிட்ட வேப்பமர நெழல்ல நில்லு. அம்மா வந்துர்றேன். எங்கயும் போகக்கூடாது."

"எங்கம்மா போறோம்?"

"ஆத்துக்கு. போ, போ."

பிள்ளை படி இறங்குகிற சத்தத்தை முழுசாகக் கேட்டாள். இரும்புக் கேட் கிறீச்சிட்டது. அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து பீரோவைத் திறந்தாள். ரோஜா வாசனை முகத்தில் அறைந்தது. நேற்று பிரித்துப் போட்ட தையல் அத்தனையும் திரும்ப வந்திருந்தது. நான்காவது ஓரமும் ஓடிவந்து, ஒரு சாண் மட்டும் வாயைத் திறந்துகொண்டு பாக்கி இருந்தது. பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே போர்வையைச் சுருட்டிப் பெரிய கட்டைப்பைக்குள் திணித்தாள். கதவைக்கூடப் பூட்டாமல் படியில் இறங்கினாள்.

முதல் படியில் பை லேசாகத்தான் இருந்தது. பஞ்சும் துணியும்தானே. நான்காவது படியில் கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது. பயத்தில் கை தளர்கிறது என்று நினைத்துக்கொண்டாள். எட்டாவது படியில் இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது படியில் பையை இடுப்பில் இடுக்கினாள்.

இடுக்கியதும் நின்றுவிட்டாள்.

அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தூக்கிய கனம்.

"பவா?"

மிச்சப் படிகளை எப்படித் தாண்டினாள் என்று தெரியாது. கேட் மூடியிருந்தது. வேப்பமர நிழலில் பவாவின் செருப்பு இரண்டும் ஜோடியாகக் கிடந்தன. தெருவில் வெயில். ஒரு நாய்கூட இல்லை.

"பவா! ஏய் பவா!"

"அம்மா."

பைக்குள்ளிருந்து.

பையைக் கிழித்துப் போர்வையை வெளியே இழுத்தாள். சிமெண்ட் தரையில் விரித்தாள். தட்டையாக விரிந்தது. ஒரு மேடு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. நான்கு ஓரமும் முடிந்திருந்தது. திறந்திருந்த அந்த ஒரு சாணும் இப்போது இல்லை.

"அம்மா, இங்க இருட்டா இருக்கும்மா."

"வந்துட்டேன்டா. அம்மா வந்துட்டேன்."

தாலிச்செயினில் கோத்திருந்த ஊக்கைப் பிடுங்கினாள். கடுகுத் தையலின் கீழே நுழைத்து இழுத்தாள். அறுந்தது. இன்னொன்று. இன்னொன்று. விரலில் ரத்தம். ஒரு சாண் பிரிந்தது. கையை உள்ளே விட்டாள்.

மணிக்கட்டுக்குக் கீழே சிமெண்ட் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. முழங்கை போனது. தோள் போனது. கன்னம் மஞ்சள் துணியில் அழுந்த, தரையோடு படுத்துத் துழாவினாள். உள்ளே குளிர். ஐஸ் பெட்டிக்குள் கைவிட்ட குளிர். எதுவுமே இல்லாத பெரிய இடம்.

பிறகு விரல்கள். சின்ன விரல்கள். பவாவின் விரல்கள், சூடாக. அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

திவ்யாவுக்கு அழுகை வெடித்தது. இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள். அந்தப் பக்கமும் யாரோ பிடித்திருந்தார்கள்.

"தாயி, தப்புத்தான் தாயி" என்று துணியில் வாயை வைத்துக் கதறினாள். "ஒங்க கோடிய நான்தான் எடுத்தேன். பொய் சொன்னேன். என்னைய என்ன வேணா செய்யுங்க. பச்சப்புள்ள, அத விட்டுருங்க."

உள்ளே வளையல் குலுங்கியது. நிறைய வளையல். ஒரு கை, தோல் சுருங்கிய குளிர்ந்த கை, அவள் மணிக்கட்டை மெல்லத் தட்டிக் கொடுத்தது. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

டப்.

சுருக்கென்றது. தோளுக்குச் சற்றுக் கீழே.

சர்ர்ர்.

தலையைத் திருப்பிப் பார்த்தாள். பிரித்த இடத்தில் நூல் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி பட்டியைக் கோத்து, ஜாக்கெட் கையைக் கோத்து, அடியில் இருந்த தோலையும் கோத்து எடுத்தது. சின்னச் சின்னத் தையல். இடப்பக்கம் சாய்ந்த தையல். அவசரமே இல்லாமல்.

கையை உருவிவிடலாம். இப்போதே உருவினால் இரண்டு மூன்று தையல்தான், தோல் கிழியும், வந்துவிடும். பவாவை விட வேண்டும், அவ்வளவுதான்.

தெருமுனையில் ஆட்டோ ஹார்ன் அடித்தது. கத்தப் பார்த்தாள். துணியில் அழுந்திய வாயிலிருந்து சத்தம் தெருவரை போகவில்லை.

"அம்மா," என்றாள் பவா உள்ளிருந்து. குரல் முன்பைவிடத் தள்ளிப் போயிருந்தது. "நூலு தீரப்போகுதாம். ஊசி கோக்கச் சொல்றாங்க. கைய விடும்மா."

"விடாதடா. பவா, விடாத."

"கோத்துக் குடுத்துட்டு வாரேன்மா."

ஒரு விரல் நழுவியது. அடுத்தது நழுவியது. சுண்டுவிரல் மட்டும் மிஞ்சியது. திவ்யா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஊசி தோளைத் தாண்டி, கழுத்தோரமாக ஏறிக்கொண்டிருந்தது.