ஊர்ப்பக்கம் திரும்பிய குருசுகள்

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை மணி. ஒரு மாதமாக மழை இல்லை. கச்சான் காற்று கழிமுகத்து உப்பை அள்ளிவந்து பற்களில் படியவிட்டுக்கொண்டிருந்தது. புதிதாகக் கல் பதித்த ஆற்றோரப் பாதையில், காலையில் கண்ட ஈரக் காலடிகள் அந்தக் காற்றிலும் காயாமல் கிடந்தன. எல்லாம் ஆற்றிலிருந்து ஊரை நோக்கியவை.

நடைக்கும் சைக்கிளுக்குமான அந்தப் பாதை, பிரதேச சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் டெனிஷாவின் பொறுப்பு. கடலுக்குப் போய் உடலும் கரைசேராதவர்களுக்காகக் கரையில் ஐந்து குருசுகள், பெயர் பொறித்த சிலுவைகள், நின்றன. போனவர்கள் ஊருக்குள் திரும்பிவிடாதபடி அவை ஆற்றையே பார்த்திருக்கவேண்டும் என்பது மீனவர் வழக்கம். நடப்பவர்கள் பெயர்களைப் படிக்கட்டும் என்று, சென்ற வாரம் அவற்றைப் பாதைப் பக்கம் திருப்பி நடுவித்தவள் அவள்தான். வழக்கத்தை அவள் அறியாதவள் அல்லள், நம்பாதவள். ஐந்தாவது குருசில் அவளுடைய கணவன் நிலுக்சனின் பெயர் இருந்தது.

“பழையபடி திருப்பிருவோம் மிஸ்,” என்றார் மேற்பார்வையாளர் பதுர்தீன். “எழுத்தில்லாமத் தொட்டா சபை எங்கட கழுத்தத்தான் பிடிக்கும். ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“ஆரோ குளிச்சிட்டுப் போன காலடிக்கு உத்தரவு எழுதவா, பதுர்தீன் நானா? உங்கட ஆக்களுக்கு வேலைக் கள்ளம்.”

“குளிச்சவன்ட காலடி வெயில்ல காயாமக் கிடக்குமா?”

அவள் கையெழுத்திடவில்லை.

வீடு திரும்புகையில் காலடிகள், முதல் குருசில் கணவன் பெயரிருந்த அயல்வீட்டு மக்தலேனாவின் வாசலில் ஏறியிருந்தன. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளிருந்து அழுகிய பாசியும் களப்புச் சேறும் கலந்த நாற்றம் வந்தது. யாரோ வாய் நிறையத் தண்ணீரோடு மூச்சுவிடுவது போன்ற ஓசையும் கேட்டது. மக்தலேனா சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு முதுகு காட்டி மேசையடியில் கிடந்த கதிரையின் கீழ் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

“சத்தம் போடாத தங்கச்சி,” என்றாள், முகம் மலர. “அவர் வந்திட்டார். நல்ல பசி.”

மறுநாள் காலை மக்தலேனாவை உலர்ந்த பாயில் பிணமாகக் கண்டார்கள். நெஞ்சு நிறைய உப்புத் தண்ணீர் என்றார் வைத்தியர்.

கரையில் மூன்று குருசுகளின் அடியில் மண் ஈரமாகிவிட்டிருந்தது. அன்று மாலை ஐந்தாவதன் அடியிலும் ஈரம் கண்டது. டெனிஷாவுக்குத் தன் ஆறு வயது மகள் ஷானிகாவின் நினைவுதான் எழுந்தது. பதுர்தீனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“எழுதித் தாறன் நானா. வீட்டுக்கு வாங்க. இண்டைக்கே திருப்பவேணும்.”

“வாறன் மிஸ். பிள்ளைய வெளிய விடாதீங்க.”

குருசுகளை உடனே ஆற்றுப் பக்கம் திருப்புக என்று பிழையற எழுதினாள். கையெழுத்திட்டாள். ஷானிகாவை மடியில் இறுக்கிக்கொண்டாள். காற்று நின்றது. நாய்கள் ஓய்ந்தன. முற்றத்தில் ஈர மணல் நெரிபட்டது. ஓர் அடி. இன்னோர் அடி.

கதவு தட்டப்பட்டது.

சங்கிலியைக் கழற்றாமல், இடுக்கினூடே தாளை நீட்டினாள்.

“இந்தாங்க நானா. கெதியாப் போங்க.”

ஒரு கை வாங்கிக்கொண்டது. தாளில் மை கரைந்து வழிந்தது. மோதிர விரலின் உப்பிய சதைக்குள், அவள் அணிவித்த கலியாண மோதிரம் புதைந்திருந்தது.

தெருமுனையில், அப்போதுதான், பதுர்தீனின் மோட்டார் சைக்கிள் திரும்பியது.

தாளை வாங்கிய கை அதைக் கீழே விட்டது. இடுக்கிலிருந்து விலகவில்லை. சங்கிலியைத் தடவியது.