துடைத்துவிட்ட தடி

அழுக்கு நடக்காது. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. பழைய பிலிமில் ஒட்டிக்கிடக்கும் தூசி ஒரு பிரேமில் இருக்கும், அடுத்த பிரேமில் இருக்காது. பக்கத்துப் பிரேமிலிருந்து அதே இடத்தைக் கொஞ்சம் எடுத்து மேலே பூசிவிட்டால் போதும், சுவடே தெரியாது. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. கதாநாயகனும் நாயகியும் மொட்டை மாடியில் நின்று கொஞ்சிக்கொண்டிருக்க, அவர்களுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த நீளத் தெருவின் கடைசியில் ஒரு கறுப்புப் புள்ளி. துடைத்தால் அடுத்த பிரேமில் வந்து நின்றது. இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து. பிறகு நிமிர்ந்து. மறுபடி சாய்ந்து.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அது ஆள்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்திருக்கும். அந்த அறைக்கு அதெல்லாம் தெரியாது. ஜன்னலை மூடிய கறுப்புத் துணி, சாம்பல் நிறச் சுவர், ஏசியின் ஈர நெடி, சூடேறிய வயர்களின் மக்கிய வாசனை, இரண்டு மானிட்டர்களின் வெளிச்சத்தில் பிணத்தின் கைபோல வெளுத்துத் தெரியும் அவளுடைய கைகள். படம் ஜாம்பிப் படம். வந்த காலத்தில் ஒரு வாரம்கூட ஓடாமல் சுருண்ட படம். இத்தனை வருடம் கழித்து எவனோ இணையத்தில் தூக்கிவைத்துக் கொண்டாடப்போய், புதுசாக்கி மறுபடி வெளியிடுகிறார்கள். தூசு துடைக்கும் வேலை அவளிடம் வந்தது. ஆபீஸில் அவளுக்குப் பெயரே ‘புள்ளி’தான்.

அந்தப் படத்தில் அவளுடைய அப்பா இருந்தார். இதை அவள் ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை.

ஜாம்பிக் கூட்டத்தில் ஒருவர். அப்போது அவள் அவர் இடுப்புக்குக்கூட எட்டாத சின்னப் பிள்ளை. சுமை தூக்கும் வேலையில் மூட்டை சரிந்து நசுங்கிய இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். “உனக்கு நடிப்பே வேணாம்யா, நடந்தாலே பொணம் மாதிரிதான் இருக்கே” என்று டைரக்டர் சொன்னதும் மொத்த யூனிட்டும் சிரித்ததாம். அப்பாவும் சேர்ந்து சிரித்தாராம். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் மிச்சமிருப்பது வேலை அட்டையில் இருக்கும் விறைத்த முகம் ஒன்றுதான். அசைகிற அப்பா இந்தப் படத்தில் மட்டும்தான் இருக்கிறார், அதுவும் கடைசிச் சண்டையில், ஒரே ஒரு ஷாட்டில்.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“எதுக்குடி அந்தக் கண்றாவியை இப்ப தோண்டி எடுக்கிறானுங்க?” என்றாள் அம்மா. “உங்கப்பன் அடி வாங்கிச் சாவுறதை நீ குந்திப் பாக்கணுமா?”

“ஏற்கெனவே செத்தவரைத்தானேம்மா அடிக்கிறாங்க. அவர் ஜாம்பி.”

“படிப்பு ஏறுச்சோ இல்லையோ, வாய் நல்லா ஏறியிருக்கு. அந்த ஹீரோ நெசமாவே போட்டான்டி. ரப்பர்த் தடின்னு சொல்லிட்டு நெசத் தடியால திரும்பத் திரும்ப எடுத்திருக்கானுங்க. தோள் வீங்கிப்போய் வந்தாரு. சோத்தை நான்தான் ஊட்டிவிட்டேன்.” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “பாக்காத. வேற யார்கிட்டயாவது குடுத்துடு.”

அவள் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக் காட்சியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த ஆள் நின்றார். பெட்ரோல் பங்க் காட்சியில் லாரிக்குப் பின்னால். ஒவ்வொரு ரீலிலும் கொஞ்சம் கிட்டத்தில், அதே சாய்ந்த நடையோடு, கூட்டமே தேவைப்படாத இடங்களில். அடுத்த அறைக்காரனைக் கூப்பிட்டாள். அவன் ஒலி சரிபார்ப்பவன், எல்லோருக்கும் ‘சவுண்டு’.

“எக்ஸ்ட்ரா எவனோ வழி தெரியாம பிரேமுக்குள்ள வந்துட்டான்” என்று சிரித்தான் சவுண்டு. “என்ன புள்ளி, செத்தவங்களையே பாத்துப் பாத்து நீயும் அவங்க கலருக்கு வந்துட்டே. போய் மூஞ்சியக் கழுவு.”

மேனேஜர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். “சாயங்காலம் படக் கம்பெனி ஆளுங்க வர்றாங்க, சின்னத் தியேட்டர்ல போட்டுக் காட்டணும். கடைசி ரீலை முடிச்சு அனுப்பிடும்மா. அழுக்கை மட்டும் எடு. படத்துல கை வைக்காதே.”

“சரி சார்.”

கடைசி ரீலைத் திறக்கும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. சந்தைத் தெரு. புகை, எரியும் வண்டி, தள்ளாடி வரும் பிணங்கள். நடுவில் அப்பா. அவருடைய சொந்தக் கட்டம்போட்ட சட்டை. கேமரா பக்கம் கண்ணே போகவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார். பளபளவென்று வந்து நின்றான் கதாநாயகன். தடி ஓங்கியது. இறங்கியது. அப்பாவின் முகத்தில் ஒரு கணம், நடிப்பில்லாத ஒரு கணம், நிஜமான வலி வந்து போனது. விழுந்தார். ஒரு பூட்ஸ் கால் அவரை மிதித்துத் தாண்டிப் போனது.

பின்னால் ஓட்டினாள். எழுந்தார். ஓட விட்டாள். விழுந்தார். மறுபடி. மறுபடி. அவளுடைய பல் கிட்டித்துக்கொண்டது.

பிறகு ஒரு பிரேமில் தடியைத் துடைத்தாள். புகையைக் கொஞ்சம் எடுத்து மேலே பூசினாள். அடுத்த பிரேமிலும். அதற்கடுத்ததிலும். தடி தூசு மாதிரித்தான் போனது. ஒரு படிக்காத மனுஷன் மேல் விழுந்த அடியை எடுத்துவிட்டால் எவன் குடி முழுகிவிடும்? கடைசியில் கதாநாயகன் வெறுங்கையை வீசினான். அப்படியே தியேட்டருக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அதன் பிறகுதான் ஓட்டிப் பார்த்தாள்.

கை வீசியது. அப்பா விழவில்லை.

அவர் விழுந்த பிரேம்களை அவள் தொடவே இல்லை. அவை இருந்தாக வேண்டும். இல்லை. அப்பா நின்றார். மிதிக்க வந்த பூட்ஸ் கால் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் தலையைத் திருப்பி, வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாததைச் செய்தார். கேமராவைப் பார்த்தார்.

அந்தக் கண்ணில் அப்பா இல்லை. டைரக்டர் கேட்ட பிணம் இருந்தது.

நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் கூட்டமும் திரும்பியது. கதாநாயகன் இன்னும் காற்றை அடித்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் சீண்டவில்லை. கட்டம்போட்ட சட்டை பெரிதானது. மானிட்டர் முழுக்கச் சட்டை. ஒரு பொத்தான். இருட்டு.

அடுத்து காலித் தெரு. ஒருவரும் இல்லை.

ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். நிற்கவில்லை. அனுப்பியதை நிறுத்தப் பார்த்தாள். தியேட்டரில் ஏற்கெனவே எடுத்து ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

நாற்காலி சாய, வெளியே ஓடினாள். சவுண்டின் அறை திறந்திருந்தது. அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, அவளைப் பார்க்காமல் சொன்னான்:

“காலடிச் சத்தம் ஒண்ணு கூடுதலா வருது. நான் போடல, புள்ளி.” ஹெட்போனைக் கழற்றினான். இப்போது அவன் சிரிக்கவில்லை. “கழட்டினாலும் கேக்குது.”

காரிடார். டியூப்லைட்டின் ரீங்காரம். கம்பளத்தின் ஈர வாடை; அதற்கு அடியில் வேறொன்று, சாக்கு மூட்டையும் வியர்வையும். சின்னத் தியேட்டரின் கதவு. உள்ளே வசனம் இல்லை. இசை இல்லை. அலறல்கூட இல்லை.

தள்ளினாள்.

திரை வெறும் வெள்ளை. பார்க்க வந்தவர்கள் நாலைந்து பேர்தான். ஆனால் எல்லா இருக்கையிலும் தலைகள்.

“சார்?”

தலைகள் திரும்பின. மெதுவாக. எல்லாம் ஒரே பக்கம். ஓரத்தில் மேனேஜர். மூக்குக் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. வாய் திறந்தே இருந்தது.

முன் வரிசையில் ஒருவர் எழுந்தார். வந்தார். இடது காலை இழுத்து இழுத்து. வெளிச்சம் பின்னால். முகம் தெரியவில்லை.

“அப்பா.”

நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை கீழே, அவள் இடுப்புக்கும் கீழே, எதையோ தேடியது. இரண்டு கைகளும் அங்கே நீண்டன. உள்ளங்கை மேல்நோக்கி. ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளப் போவதைப் போல.

பின்னால் வரிசை வரிசையாக எழுந்தார்கள். கம்பெனி ஆட்கள். மேனேஜர். சந்தைத் தெருக் கூட்டம். எல்லோரும் கைகளை நீட்டினார்கள். அதே உயரத்தில்.

ஓடு, என்றது மனம். அந்தக் கைகளின் உயரத்துக்கு அவளுடைய முழங்கால்கள் தாமாகவே மடங்கத் தொடங்கின.