வெளிச்சத்துக்கு வாங்க, சார்!

மானிட்டரில், பெரியவரின் முதுகுக்குப் பின்னால் திரைச்சீலை அசைந்தது.

ஒரு கை வெளியே வந்தது.

கையில் இரும்புக் கம்பி!

சிமிட்டு நாற்காலி நுனிக்கு வந்தாள்.

பாங்க்கின் வீடியோ சரிபார்ப்புப் பிரிவில் அவளுக்கு அதுதான் பெயர். ஆன்லைனில் கணக்குத் திறக்க வருகிறவர்களிடம் நாள் முழுக்க, "கண்ணைச் சிமிட்டுங்க... தலையைத் திருப்புங்க..." என்று சொல்லிக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பேசுவது உயிருள்ள ஆள்தான், போட்டோ இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எத்தனையோ முகங்கள். ஒன்றாவது அவளை மனுஷியாகப் பார்த்ததில்லை. வேலை முடிந்தால் ஹாஸ்டல் அறை, ஒற்றைக் கட்டில், பேசாத நாலு சுவர்.

இந்தப் பெரியவர்தான் எடுத்த எடுப்பிலேயே, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார்.

உருகிப் போனாள்.

"நேர்ல போய்க் கணக்குத் திறந்திருக்கலாமே சார்?"

"போனா டோக்கன் குடுத்து உக்கார வெச்சிடறாங்க. ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பாக்கறதில்ல. இங்க நீயாவது என் மூஞ்சியப் பார்த்துப் பேசறே!"

"வீட்ல வேற யாரும் இல்லையே?" விதிப்படி கேட்க வேண்டிய கேள்வி.

"எனக்கு யாரும்மா இருக்கா... நான் ஒண்டிக்கட்டை."

இப்போது அந்த ஒண்டிக்கட்டைக்குப் பின்னால் இன்னொரு ஆள்!

கத்தினால்... கம்பி மண்டையில் இறங்கிவிடும்.

மைக்கை அணைத்தாள். பக்கத்தில் நின்ற மேனேஜரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், போலீஸுக்குப் போன் போடுங்க! இதான் அட்ரஸ். வீட்டுக்குள்ள ஆள் பூந்திருக்கான்!"

மீண்டும் மைக். குரலில் நடுக்கம் தெரியாமல்...

"சார், வெளிச்சம் பத்தல. போனோட அப்படியே எழுந்து வாசலுக்கு வாங்க."

"லைட் எரியுதேம்மா..."

"சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது சார். திரும்பாதீங்க. என்னையே பாருங்க. ப்ளீஸ்!"

நடந்தார்.

பின்னாலேயே கம்பியும் நடந்தது...

"வெளிய வந்துட்டேம்மா."

"கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுடுங்க சார். உள்ளேர்ந்து சத்தம் வருது."

டக்!

மறு விநாடி கதவு அதிர்ந்தது. "எவன்டா அது? திறடா!"

பெரியவரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"ஓடுங்க சார்! நிக்காதீங்க... ஓடுங்க!"

ஓடினார். மானிட்டரில் தெரு குலுங்கியது... வானம்... செருப்பு... கறுப்பு.

பிழைத்துக்கொண்டார்! சிமிட்டு மேஜையில் கவிழ்ந்து அழுதாள். சொந்த அப்பா பிழைத்த மாதிரி அழுதாள்.

அரை மணி நேரம் கழித்து மேனேஜரின் போன் அலறியது. ஸ்பீக்கரில் போட்டார்.

"உள்ள இருந்த ஆளைப் பிடிச்சிட்டோம்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா ஒரு சின்னச் சிக்கல்..."

"என்ன சார்?"

"அவர்தான் வீட்டுக்காரர்! வெளிய போயிட்டுத் திரும்பியிருக்கார். பூட்டு உடைஞ்சிருக்கு. திருடன்னு நெனச்சுக் கம்பியைத் தூக்கியிருக்கார்."

"அப்போ... என்கூடப் பேசினவர்?" சிமிட்டு நிமிர்ந்தாள்.

"அவரோட தம்பிம்மா. குரலை வெச்சே அண்ணன் சொல்லிட்டார்; ஏற்கனவே எங்க லிஸ்ட்ல இருக்கறவன். அண்ணனை உரிச்சு வெச்ச மாதிரி இருப்பான். பூட்டை உடைச்சு உள்ள பூந்து, அண்ணனோட ஆதார் கார்டை எடுத்துக் காட்டி, அண்ணன் பேர்ல கணக்குத் திறந்து, மோசடிப் பணத்தை அதுல போட்டு எடுக்கறதுக்குத் திட்டம். நீங்கதான் அண்ணனை உள்ள வெச்சுப் பூட்டிட்டு, அவனை ஓட விட்டிருக்கீங்க!"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

டிங்!

மானிட்டரில் ஒரு பெட்டி குதித்தது.

வாடிக்கையாளர் கருத்து: ஐந்து நட்சத்திரம்!

கீழே ஒரு வரி:

'வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பற பாங்க்கை இப்பத்தாம்மா பாக்கறேன்!'