மச்சான் பிடித்த கயிறு

கேணிக்கு வந்து சேர்ந்தபோது காலை பத்துமணி. நல்லூரில் அரண்மனை என்று சொல்ல மிச்சமிருப்பது ஒரு தோரணவாசலும், பழைய மனையொன்றும், ப வடிவில் வெட்டிய இந்தக் கேணியும்தான். கற்படிகள் பாசிபிடித்துக் கறுத்துக் கிடந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீரிலிருந்து மட்டும் துருப்பிடித்த இரும்பின் வாடை குளிர்ந்து வந்தது.

தூர்வாரும்போது அடியில் ஒரு சுரங்கவாய் தட்டுப்பட்டதாம். அதை அளக்கத்தான் குருநகரிலிருந்து, கடலட்டை பிடிக்கிற சுழியோடி ஜெறோமை அழைத்திருந்தார் மேற்பார்வையாளர் அருட்பிரகாசம்.

"பறங்கியர் வந்தநேரம் அரண்மனைக் காவல்காரரை உயிரோடை உள்ளுக்கை வைச்சுச் சுவர் கட்டினவையாம்," என்று சிரித்தார் அவர். "உம்மடை பறங்கிப் பேரைச் சொல்லிப்போடாதையும் தம்பி, கோவிப்பினம்."

ஜெறோம் முதுகில் சிலிண்டரை மாட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டினான். மறுமுனை மச்சான் றஜிந்தனிடம். சுழியோடியின் கயிற்றை மனைவியின் தமையன்தான் பிடிக்கவேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவன் கையை விடுவான்? றஜிந்தனின் தங்கை ஸ்ரெல்லாவுக்கு இது எட்டாம் மாதம். புறப்படும்போது அவளே கயிற்றை எடுத்து அண்ணனின் கையில் வைத்திருந்தாள்.

"ஒருக்கால் சுண்டினால் தூக்கு. என்ன நடந்தாலும் விட்டிடாதை, மச்சான்," என்றான் ஜெறோம்.

"விசர்க்கதை கதையாமல் இறங்கடா."

கயிறு ஓடியது. நின்றது. கால்மணி நேரம் அசைவே இல்லை.

பிறகு, ஒரு சுண்டு.

இழுத்தான். வரவில்லை. கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, படியில் காலை ஊன்றி இழுத்தான். அருட்பிரகாசமும் பாய்ந்து வந்து பிடித்தார். ஓர் ஆளின் பாரமில்லை அது. "என்ரை மாதாவே, இவன் செத்தால் எந்த முகத்தோடை வீட்டை போவன்!" என்று குழறிக் குழறி இழுத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறு சிவந்தது. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

கேணியின் மறுபுறத்தில் தண்ணீர் பிளந்தது.

ஜெறோம்! இடுப்பில் கயிறு இல்லை.

"விடு மச்சான்! கயிறு கல்லிலை சிக்கினது. நான் அப்பவே அவிட்டிட்டன்!"

இன்னொரு சுண்டு.

அருட்பிரகாசம் கையை விட்டுவிட்டு ஓடினார். றஜிந்தன் கையை உதறினான்; சுற்று இறுகியிருந்தது. கயிறு அவனைக் குப்புற விழுத்தி ஒவ்வொரு படியாகக் கீழே இழுத்தது. கல்விளிம்பில் தாடை உடைந்து பற்கள் தெறித்தன. முகம் தண்ணீருக்குள் போனதும் கண்டான்.

கயிற்றின் முனையை ஒரு கை பிடித்திருந்தது.

அந்தக் கையை இன்னொரு கை.

சுரங்கவாய் வரைக்கும் கைகள்.

ஜெறோம் நீந்திவந்து அவன் காலைக் கட்டிப்பிடித்தான். ஒருபக்கம் அவன், மறுபக்கம் அவை. எலும்பு நொறுங்கியது. இரண்டு விரல்களை அறுத்துக்கொண்டு கயிறு உள்ளே போனது.

பின்னேரம், ஆசுப்பத்திரியில், ஸ்ரெல்லா கட்டிலருகே இருந்து அழுதாள். "என்ரை மனிசனுக்காகக் கையையே குடுத்திட்டியே அண்ணை!" தாடையைக் கட்டியிருந்ததால் றஜிந்தனால் பேச முடியவில்லை. போர்வைமேல் கிடந்த கையைப் பார்த்தான்.

விரலில்லாத இடத்தில், கட்டுத்துணி வாசல்பக்கமாக இழுபட்டு நீண்டது.

ஒரு சுண்டு.

ஜெறோமும் அதைக் கண்டான். சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து, மச்சானின் காலைக் கட்டிப்பிடித்தான்.