கேட்டுக்கொண்டிருந்த எலிகள்

கீழே விழுந்த பஜ்ஜித் துண்டை எடுக்க ஒரு எலியும் வரவில்லை என்பதை ராஜேந்திரன் அப்போதுதான் கவனித்தான். ஸ்டேஷன் சப்வேயில் கடை போட்ட நாளாக, துண்டு தரையைத் தொடும் முன்பே கவ்விக்கொண்டு ஓடுகிற சனியன்கள், இன்று ஒழுகும் சுவரோரக் குழாயின் மேலும், மழைத்தண்ணீர் ஓடும் கால்வாயின் கம்பிகளுக்கு நடுவிலும் கும்பல் கும்பலாக அசையாமல் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டிருந்த அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தன.

கை முழுக்க மாவு. அதனால்தான் ஸ்பீக்கர்.

"கடலமாவு மூட்டைய மறுபடி கொதறி வெச்சிக்கீதுங்க. எலி மருந்து வாங்கிகினு வா. இன்னிக்கே மொத்தமா தீத்துடலாம்."

"ஐயோ, பேர சொல்லாதய்யா!" என்றாள் அவன் மனைவி வரலட்சுமி. "சக்கரைன்னு சொல்லு. அதுங்களுக்குக் காது கேக்கும்."

எலிக்கு மருந்து வைக்கும்போதெல்லாம் அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. "கேட்டா இன்னா, போலீசாண்ட போவுதா? நீ கெளம்பு."

"பாப்பா தூளில தூங்கிகினு கீது. தனியா வுட்டுட்டுப் போறேன். நீ சீக்கிரம் வூட்டுக்குப் போயிடு."

"சரி, போறேன்."

போகவில்லை. செங்கல்பட்டு லோக்கல் தலைக்கு மேல் தடதடத்து வந்து நின்றது. இறங்கிய கூட்டத்துக்கு இன்னொரு ஈடு பஜ்ஜி போட்டு விற்றான்.

கூட்டம் கலைந்தபின் எண்ணெய் கொதிக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது. கீச்சென்று ஒரு சத்தமில்லை. குழாய் காலி. கால்வாய் காலி. ஈரத்தரையில் சேற்றுக் காலடிகள், சின்னச் சின்னதாக, எல்லாம் ஒரே பக்கமாக. தண்டவாளத்தோர சந்துக்கு ஏறும் படிகளில்.

அவன் வீட்டுச் சந்து.

அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினான்.

மழை. கரண்ட் இல்லை. வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது.

கதவின் அடிமூலையில் கை தடவியது. ஓட்டை. புதுசு. மரத்தூள் இன்னும் காயவில்லை.

திறந்தான். குழந்தை அழவில்லை. சப்வேயின் வாடை.

போன் வெளிச்சத்தை அடித்தான்.

புடவைத் தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாக. நாலு மாதக் குழந்தையின் கனத்துக்கு அது இவ்வளவு தாழாது. தரையை உரசியது. துணியின் கிழிசல்களில் வால்கள் தொங்கின.

பின்னால் வரலட்சுமி செருப்பைக் கழற்றினாள்.

"தூங்குதாய்யா?" குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்று மெல்லக் கேட்டாள்.

தூளி நின்றது. விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. மீசையெல்லாம் சிவப்பு.