தனகோடி எழுதிய நாவல்

லாங் பஜாரில் ஆபித் பாஷா கடையில் வாங்கி வந்த புது நாவலிலிருந்து சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றம் வந்தது.

தோல் பதனிடும் ஷாப்பின் மேஸ்திரி காசிநாதன் முதலில் தன் கையைத்தான் முகர்ந்து பார்த்தார். கை சுத்தம். தோல் அட்டையில்தான் அந்த ஈரக் காரம். சுண்ணாம்பு போய்விட்டதா என்று தோலை நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பது ஷாப்பு வழக்கம். யோசிக்காமல் தொட்டார். சுரீரென்றது.

"எவன்டா இவன், கழுவாத தோலுல பைண்டு போட்டவன்?"

முதல் பக்கத்தைப் புரட்டினார். ஆசிரியர்: தனகோடி.

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஷாப்பில் ஒரு தனகோடி இருந்தான். கைநாட்டுப் பேர்வழி. மேஸ்திரி தோல் திருடுவதை முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்றவன். அவன் கோலார் தங்கவயலுக்கு ஓடிவிட்டதாகக் காசிநாதன் ஊரை நம்பவைத்திருந்தார்.

"எடுத்தா வெக்க மாட்டீங்க மேஸ்திரி" என்று பாஷா சொன்னது நிஜம்தான். முதல் அத்தியாயத்திலேயே வாலாஜாபேட்டையில் திருட்டுத் தோல் விற்கும் ஒரு மேஸ்திரி. அடுத்ததில் அந்தி மழை, ஆளில்லாத ஷாப்பு, தொட்டி ஓரம் குனிந்த கூலிக்காரனின் முதுகில் பதிந்த இரண்டு உள்ளங்கைகள், தொட்டியின் மேல் ஒவ்வொன்றாக இழுத்து மூடிய பலகைகள், அவற்றின் அடியில் வெகுநேரம் ஓயாத தட்டல்.

யாரும் பார்க்கவில்லையே! என் பெயரை எழுதியிருக்கிறானா? எழுதியிருந்தால் தூக்குக் கயிறு. புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னாங்க, சோறு ஆறிப்போவுது!" சமையற்கட்டிலிருந்து மனைவி சுந்தரி. "கட்டிக்கினவ மூஞ்சியக்கூட இப்படிப் பாத்தது கெடையாது. அந்தப் புஸ்தகத்துல இன்னாதான் இருக்குது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு அசையவில்லை. வெந்து, தடித்துக் கிடந்தது.

அட்டையில் ஏதோ வட்டமாக விரலை நெருடியது. விளக்கருகே பிடித்தார். ஆட்டுத் தோல் இல்லை. மாடும் இல்லை.

அம்மை குத்திய தழும்பு.

தனகோடியின் தோள்.

எறிய நினைத்தார். கை அடுத்த பக்கத்தைப் புரட்டியது. கடைசிப் பக்கம். மை காயவில்லை.

'காசிநாதனின் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அவனால் பேச முடியவில்லை. இரண்டாம் பாகத்துக்கு அட்டை ஊறிக்கொண்டிருக்கிறது.'

சொட்டு. சொட்டு.

அவர் விரல்களிலிருந்துதான். வெள்ளையாக. முன்கையைத் தடவினார். சுண்ணாம்பில் நன்றாக ஊறிய தோலில் வருவதுபோல, ரோமம் மொத்தமும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது.

"வர்றீங்களா இல்லியா?" சுந்தரியின் குரல் எங்கோ மேலே கேட்டது.

தலைக்கு மேல் பலகை இழுபடும் சத்தம். இன்னொன்று. விளக்கொளி கீற்றானது.

காசிநாதன் தட்டத் தொடங்கினார்.