லிம்பானியின் அம்மா கேட்காத கேள்வி

ஸோம்பா மலையடிவாரப் பள்ளியின் சுவரில் ததாலாவின் கட்டுரையை ஒட்டியிருந்தார்கள். காராமணியை வண்டு அரிக்காமல் காப்பாற்ற அவள் செய்த பரிசோதனை பற்றிய கட்டுரை அது.

"போதிய அளவு தாவரச் சாம்பல் உரிய முறையில் உட்செலுத்தப்பட்டதன் விளைவாக வண்டுகளின் பெருக்கம் கட்டுப்படுத்தப்பட்டது."

இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் ததாலாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று வகுப்புத் தோழன் லிம்பானியிடம் கேட்டாள்.

"பிரமாதம்! ஒண்ணுமே புரியல."

அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

மறுவாரம் லிம்பானி வாடிய முகத்தோடு வந்தான். "நீ எழுதினபடிதான் செஞ்சேன். விதைக்கு வச்சிருந்த காராமணி பூராவும் பூஞ்சை பிடிச்சுடுச்சு. அம்மா எங்கிட்ட பேசவே மாட்டேங்கறாங்க."

"அப்படி என்னடா செஞ்சே?"

"சாம்பலைத் தண்ணியில கரைச்சு ஊத்தினேன். உட்செலுத்தணும்னுதானே போட்டிருந்தே?"

ததாலாவுக்குச் சுருக்கென்றது.

அன்று மாலையே, பரிசோதனைக்கு வைத்திருந்த காராமணியைப் பானையோடு தூக்கிக்கொண்டு லிம்பானி வீட்டுக்குப் போனாள். "அத்தை, அவன்மேல தப்பில்லை. நான் எழுதினதுதான் தப்பு. இதை விதைச்சுக்குங்க."

லிம்பானியின் அம்மா ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "பல்லே போயிடும்போல. வண்டு ஒண்ணுகூட இல்லையே! எப்படிம்மா செஞ்சே?"

"புரியற மாதிரி எழுதிட்டு வரேன் அத்தை."

எழுதினாள். தம்பி யமிகானியிடம் கொடுத்தாள். "இதைப் படிச்சு அப்படியே செய். நான் வாயே திறக்க மாட்டேன்."

"அடுப்பிலிருந்து சாம்பலை எடு" என்று படித்தவன், நிசிமாக் களி வெந்துகொண்டிருந்த அடுப்பை நோக்கிக் கையை நீட்டினான்.

"டேய், சுடும்!"

"வாயைத் திறக்க மாட்டேன்னியே அக்கா! ஆறின சாம்பல்னு நீ எழுதவே இல்லையே?"

ததாலா அதைச் சேர்த்தாள். அடுத்து, 'பானையை மூடு' என்று இருந்தது. யமிகானி தன் பள்ளிச் சட்டையைக் கழற்றிப் பானைமேல் போர்த்தினான்.

"எதால மூடணும்னு போடலியே!"

அடித்து அடித்து எழுதியதில் பேனா மை தீர்ந்தே போனது. கடைசியில் அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் செய்து முடித்தான்.

சுவரில் புதுத் தாள் ஏறியது. "நன்றாகக் காய்ந்த காராமணி ஒரு கிண்ணம். ஆறிய, சலித்த அடுப்புச் சாம்பல் ஒரு கிண்ணம். தண்ணீர் சேர்க்கக் கூடாது. இரண்டையும் கலந்து பானையில் போட்டு, தட்டால் இறுக மூடவும்."

சந்தைக்குப் போகும் வழியில் லிம்பானியின் அம்மா வந்தார். விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். தலையாட்டிவிட்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

"என்ன ததாலா, அம்மா உன்கிட்ட ஒண்ணுமே கேக்காம போறாங்க?" என்றான் லிம்பானி.

ததாலாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"அதானே எனக்கு வேணும்!"